அம்மாவை எங்கே சந்திப்பது? அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவருக்கு ஓர் ஒப்பீடு

ஐரோப்பாவில் அகதி அந்தஸ்து பெற்று வாழும் இலங்கைத் தமிழருக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஊரில் இருக்கும் அம்மாவை எந்த நாட்டில் வைத்துப் பார்ப்பது? சுவிட்சர்லாந்தில் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அரசாங்கக் கடிதங்களை மொழிபெயர்த்துச் சொல்வதும் என் வேலை. கோடை நெருங்கும்போது இந்தக் கேள்வி என் மேசைக்கு வரத் தொடங்கும். வருகிறவர்கள் டிக்கெட் விலையில் ஆரம்பிப்பார்கள். சென்னை மலிவா, துபாய் மலிவா, கோலாலம்பூர் எப்படி என்று கேட்பார்கள். அதைக் கடைசியில் பேசலாம் என்பேன். ஒவ்வொரு வழியும் தவறிப்போனால் இழப்பு என்ன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வழியில் போவது விசாக் கட்டணம் மட்டும். இன்னொரு வழியில் இந்த நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடும்.

கையில் இருக்கும் பத்திரத்தின் பலம் எது, பலவீனம் எது என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, அதில் சேர்ந்த நாடு தன் எல்லைக்குள் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்குப் பயணப் பத்திரம் வழங்க வேண்டும் என்கிறது. அட்டையின் இடது மேல் மூலையில் இரண்டு சாய்ந்த கறுப்புக் கோடுகள் இருக்கும். புகைப்படப் பக்கத்தின் அடியில், இயந்திரம் வாசிக்கும் வரிகளில், குடியுரிமைக்குரிய இடத்தைப் பாருங்கள். அங்கே இலங்கையின் குறியீடும் இல்லை, சுவிட்சர்லாந்தின் குறியீடும் இல்லை. எக்ஸ்எக்ஸ்பி என்று மூன்று எழுத்து இருக்கும். உடன்படிக்கைப்படியான அகதி என்பதற்கு உலகம் முழுவதும் அதுதான் குறியீடு. இணையத்தில் டிக்கெட் போடும்போது குடியுரிமைப் பட்டியலில் எதைத் தெரிவு செய்வது என்று பலர் திணறுவது இதனால்தான். சுவிஸ் என்று போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்தில் முதலில் கிளம்பும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பத்திரம் தரும் பெரிய உறுதி, திரும்பி வரும் உரிமை. உடன்படிக்கையின் பின்னிணைப்பில் 13ஆம் பத்தி, பத்திரம் செல்லுபடியாகும் காலத்தில் அதைக் கொடுத்த நாடு உங்களைத் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே பின்னிணைப்பின் 16ஆம் பத்தியை யாரும் வாசிப்பதில்லை. இந்தப் பத்திரம் கையில் இருப்பதால் மட்டும், அதைக் கொடுத்த நாட்டின் தூதரகப் பாதுகாப்பு உங்களுக்கு உரித்தாகாது என்று அது சொல்கிறது. சென்னையிலோ துபாயிலோ பொலிஸ் நிலையத்தில் உட்கார வேண்டி வந்தால், சுவிஸ் குடிமகனுக்காகப் பேசுவதுபோல் உங்களுக்காகத் தூதரகம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இலங்கைத் தூதரகத்தின் படியேற உங்களால் முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாடுகளை எடைபோட வேண்டும்.

இனி விசித்திரமான ஒரு விஷயம். இலங்கைக் கடவுச்சீட்டைப் பலவீனமானது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஆனால் ஆசியாவுக்குள் உங்கள் அம்மா உங்களைவிட எளிதாகப் பயணம் செய்வார். இந்தியாவுக்கு அவர் வீட்டில் இருந்தபடியே இணைய விசா எடுத்துவிடலாம், சிங்கப்பூருக்குக் குறுகிய பயணமென்றால் விசாவே தேவையில்லை. உங்களுக்கு இரண்டும் இல்லை. ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். சுவிட்சர்லாந்தின் பி (தற்காலிக) அல்லது சி (நிரந்தர) வதிவிட அனுமதியோடு, ஷெங்கன் எனப்படும் பொது விசா ஐரோப்பிய நாடுகளுக்குள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை நீங்கள் விசா இல்லாமல் போய்வரலாம். அம்மாவுக்கோ கொழும்பில் விண்ணப்பம், கைரேகை, காத்திருப்பு. அவருக்குத் திறந்த கதவு உங்களுக்குப் பூட்டு, உங்களுக்குத் திறந்தது அவருக்குப் பூட்டு. ஆகவே எங்கே சந்திப்பது என்ற கேள்வியின் உள்ளே, விசாவுக்காக யார் வரிசையில் நிற்பது என்ற கேள்விதான் இருக்கிறது.

பேசாமல் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு போய் வந்தால் என்ன என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். யாரோ ஒருவர் போய் வந்தார், ஒன்றும் ஆகவில்லை என்ற கதையும் கூடவே வரும். இதை நான் ஒப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை. உடன்படிக்கையின் முதலாம் பிரிவு, தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாகவே மறுபடியும் நாடியவருக்கு அகதி அந்தஸ்து முடிவுக்கு வரும் என்கிறது. சுவிட்சர்லாந்தில் 2020 ஏப்ரல் முதல் சட்டம் இன்னும் இறுக்கமானது: அகதிகள் சொந்த நாட்டுக்குப் போவதற்கே தடை. போனால், நிர்ப்பந்தத்தினால்தான் போனேன் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தஸ்து பறிபோகும். கனடாவில் இருக்கும் உறவினர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் காரணத்துக்காக அகதிப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தால் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே போகும். சொந்த நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்தாலே, அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடியும் நாடிவிட்டார் என்று அங்கே அனுமானிக்கிறார்கள். அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. கொழும்பு வழியாகப் போகாமல் வேறு நாட்டில் அந்தக் கடவுச்சீட்டைக் காட்டினாலும் கதை இதேதான்.

அடுத்தது இந்தியா. எல்லோருடைய மனமும் போவது இங்கேதான், அதில் தப்பில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் ஏறினால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரத்தில் அம்மா சென்னையில் இறங்கிவிடுவார், திருச்சிக்கும் விமானம் இருக்கிறது. மொழி, சாப்பாடு, கோயில், வைத்தியர், முழங்கால் வலிக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி எல்லாமே அவருக்குப் பழக்கமானவை. கல்யாணப் புடவை வேலையும் அதோடு முடிந்துவிடும். அம்மாவின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இதற்கு இணையான இடம் உலகில் இல்லை.

உங்கள் பக்கம் அப்படி இல்லை. இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேராத நாடு. இணைய விசா கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான், பயணப் பத்திரத்துக்குக் கிடையாது என்று அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் அம்மாவுக்கும் தனக்கும் சேர்த்து இணைய விசாவுக்குக் கட்டணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுடையது வந்துவிடும், உங்களுடையது வராது. நீங்கள் போடவேண்டியது தூதரகம் வழியான வழக்கமான விண்ணப்பம். அந்தப் படிவத்தில் குடியுரிமை பிறப்பால் வந்ததா, முன்பு எந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது, வேறு கடவுச்சீட்டோ அடையாளப் பத்திரமோ வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் தர வேண்டும், நீங்கள் வாழும் நாட்டில் இருந்தும் ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் உள்ளது உள்ளபடி பதில் எழுதுங்கள். அகதி விசாரணையில் நீங்கள் சொன்ன பிறந்த ஊரும் பெயரின் எழுத்துக் கூட்டலும் இங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். விசா கையில் வரும்வரை, மாற்ற முடியாத டிக்கெட்டை யாருக்கும் எடுக்காதீர்கள். பள்ளி விடுமுறைத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினால் இந்தக் கதவு வேகமாகத் திறக்காது.

இந்தியாவில் இரண்டு எச்சரிக்கைகள். தங்குவது ஹோட்டலானாலும் உறவினர் வீடானாலும், வெளிநாட்டவர் வந்திருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். ஹோட்டல்காரர் தானே செய்துவிடுவார். வளசரவாக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கினால் அது சித்தியின் பொறுப்பு, அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலும் தெரியாது. இன்னொன்று கனமானது. விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்று உங்கள் அகதி வழக்கிலேயே பேசப்பட்டிருந்தாலோ, இலங்கையில் உங்கள் பெயரில் வழக்கு நிலுவையில் இருந்தாலோ, இலங்கை அரசிதழின் தடைப்பட்டியலில் பெயர் வந்திருந்தாலோ, வழக்கறிஞரைப் பார்க்காமல் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கவே வேண்டாம். அந்த இயக்கம் இந்தியாவில் 1992 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அங்கே உங்களை அகதி என்று ஏற்க வேண்டிய உடன்படிக்கைக் கடமையும் இல்லை, உங்களுக்காகப் பேசும் தூதரகமும் இல்லை. இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் அம்மாவைப் பார்க்கும் ஆசையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

சுவிட்சர்லாந்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று. சொந்த நாட்டுப் பயணத் தடையை மீறுகிறார்கள் என்ற சந்தேகம் வலுத்தால், அந்த நாட்டவர் எல்லோருக்கும் அயல் நாடுகளுக்கான பயணத்தையும் தடைசெய்ய 2020ஆம் ஆண்டுச் சட்டம் குடிவரவுத் துறைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இலங்கைக்கு அயல் நாடு எது என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் புறப்படும் முன் உங்கள் மாநிலக் குடிவரவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதில் பின்னால் உதவாது.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்ற வரிசையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. மூன்றும் உடன்படிக்கையில் சேராதவை, உங்கள் பத்திரத்தை ஏற்க வேண்டிய கடமை அவற்றுக்கு இல்லை. சிங்கப்பூர் அம்மாவுக்கு எளிது, உங்களுக்கு அல்ல. மலேசியாவில் இருவருக்கும் முன்கூட்டியே விசா வேண்டும். துபாய்க்கு ஏஜென்ட் ஒருவர் ‘எடுத்துத் தருகிறேன்’ என்பார். அவர் மனத்தில் இருப்பது உங்கள் சுவிஸ் முகவரி, கையில் இருக்கும் பத்திரம் அல்ல. பணம் கொடுக்கும் முன், பத்திரத்தின் முதல் பக்கத்தை அவருக்கு அனுப்பி, இந்த வகைப் பத்திரத்துக்கு விசா கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு பலர் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். அம்மாவுக்கும் அந்த நகரங்கள் சுற்றுலாதான். ஹோட்டல் அறையில் ஒரு வாரம், அதில் பாதி குளிர்சாதனத்தின் சத்தத்தில். இந்தியா உங்களுக்கு முடியவே முடியாது என்றால் மட்டும் இந்த வரிசையைத் திறக்கலாம் என்பது என் எண்ணம்.

எந்த ஆசிய நாட்டுக்குப் போனாலும், முதல் எல்லை உங்கள் ஊர் விமான நிலையத்தின் செக்-இன் மேசைதான். விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். பிரிட்டனில் அது ஆளுக்கு 2,000 பவுண்ட் வரை போகும். அதனால் மேசையில் இருப்பவர் கணினியில் விதிமுறையைத் தேடுவார், மேலதிகாரியைக் கூப்பிடுவார், உங்கள் பத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். பயணப் பத்திரம், அதில் ஒட்டிய விசா, வதிவிட அனுமதி அட்டை மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். வேறு நாட்டில் விமானம் மாற வேண்டியிருந்தால், அங்கே விமான நிலையத்தைத் தாண்டாவிட்டாலும் இடைமாறு விசா தேவையா என்று முன்பே பாருங்கள். நேரடி விமானம் கொஞ்சம் விலை கூடினாலும் எல்லை ஒன்று குறைகிறது.

இப்போது நான் முதலில் முயன்று பார்க்கச் சொல்லும் வழி: அம்மாவை இங்கே வரவழைப்பது. கேட்டதும் முகம் சுளிப்பார்கள். “கொழும்பில் விசா கொடுக்க மாட்டார்கள் அண்ணா” என்பார்கள். மறுப்பு வரலாம், உண்மைதான். மறுத்தால் போவது என்ன? விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ, காப்புறுதி, கொழும்புக்குப் போய்வரும் செலவு. உங்கள் அந்தஸ்துக்கு ஒரு கீறலும் இல்லை, நீங்கள் ஓர் எல்லையைக்கூடக் கடக்கவில்லை. இழப்பை வைத்துப் பார்த்தால் இதுபோல் பாதுகாப்பான வழி வேறில்லை.

மறுப்புப் படிவத்தை ஒரு தடவை பார்த்தவர்களுக்குத் தெரியும், காரணங்கள் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும், கட்டத்தில் ஒரு குறி மட்டும் போடுவார்கள். நம்மவர்களுக்கு அடிக்கடி விழும் குறி, விசா முடிவதற்குள் திரும்பிப் போவாரா என்பதில் ஐயம் என்ற கட்டத்தில்தான். ஆகவே கடிதத்தில் பாசத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதில் பயன் இல்லை. அம்மா திரும்பிப் போவதற்கு ஊரில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். காணி உறுதி, ஓய்வூதியப் புத்தகம், ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளையின் குடும்ப விவரம், கிராம அலுவலரின் சான்று, மாதாமாதம் மருந்து எடுக்கும் கிளினிக் கொப்பி. வங்கியில் விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று விழுந்த பெருந்தொகை நன்மையைவிடத் தீமைதான் செய்யும். சுவிட்சர்லாந்தில் அழைப்பவரிடம் 30,000 பிராங்க் வரைக்கான பொறுப்புக் கையெழுத்துக் கேட்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எப்படியும் வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம் என்பதால், கோடைக்கு வரவேண்டியவருக்குப் பொங்கலோடு வேலையைத் தொடங்கிவிடலாம். அரைகுறையாக மூன்று தடவை போடுவதைவிட ஒருமுறை ஒழுங்காகப் போடுவது நல்லது. விண்ணப்பமும் முடிவும் ஷெங்கன் விசாத் தகவல் அமைப்பில் ஐந்து வருடம் இருக்கும், அடுத்த அதிகாரி அதைப் பார்ப்பார்.

பலர் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. அழைப்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாரிசில் இருக்கும் அக்கா பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர் என்றால், அவர் தன் நகரசபையில் 30 யூரோவுக்கு வரவேற்புச் சான்று எடுத்து அம்மாவைக் கூப்பிடட்டும். அம்மா முக்கியமாகத் தங்குவது பிரான்ஸ், ஆகவே விண்ணப்பமும் அங்கேதான். நீங்கள் சூரிச்சில் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் பாரிஸ். விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். அகதியாக வந்து அகதியாகவே இருக்கும் பிள்ளையின் அழைப்பைவிட, குடியுரிமை பெற்று வேலையும் வீடும் உள்ள பிள்ளையின் அழைப்புக்கு விசா அதிகாரியிடம் மதிப்புக் கூடும் என்பது என் அனுபவம்.

லண்டனில் இருக்கும் தங்கைக்கு இதே கணக்கு ஒத்துவராது. அகதிகள் மூன்று மாதம் வரை விசா இல்லாமல் போய்வர 1959இல் ஐரோப்பிய நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. பிரிட்டன் 2003இல் அதை நிறுத்திவைத்தது. அம்மாவுக்கு லண்டன் விசா கிடைத்தாலும், அது ஷெங்கனுக்குச் செல்லாது, நீங்களும் லண்டனுக்கு விசா எடுத்தாக வேண்டும். பிரான்ஸும் அந்த ஒப்பந்தத்தை 1986இல் நிறுத்தியதுதான். ஆனால் ஷெங்கன் விதி இருப்பதால் சுவிஸ் பத்திரமும் வதிவிட அட்டையும் உள்ளவரை அது பாதிப்பதில்லை. ரொறன்ரோவில் அண்ணா இருந்தால், பெற்றோருக்காகக் கனடா கொடுக்கும் சூப்பர் விசாவில் அம்மா ஒரு வருகையில் ஐந்து வருடம் வரை அவரோடு தங்கலாம். அப்போது விசாவுக்காக நிற்பது நீங்கள் ஒருவர்தான். கனடா உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, இந்தப் பத்திரம் என்னவென்று அங்கே விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அம்மாவை வரவழைப்பது எல்லோருக்கும் பொருந்தாது. கணவர் இல்லை, பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், வீடும் வாடகை வீடு என்றால், ஊரில் பிடிமானம் இருக்கிறது என்று காட்டுவது கடினம். அப்படிப்பட்டவருக்கு, உங்கள் பெயரில் பழைய பிரச்சினை எதுவும் இல்லையென்றால், இந்தியாவுக்கே நேராக முயலுங்கள். பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாத உடம்பு என்றாலும் அப்படித்தான். கூட வருவதற்கு ஊரில் ஒரு தங்கச்சியோ மருமகனோ இருந்தால், திருச்சி வரை அவரைக் கூட்டிவரச் செய்யலாம்.

குடியுரிமை கிடைக்கும்வரை பொறுத்திருப்போம் என்பது கடைசி வழி. குடியுரிமை எடுத்தால் அகதி அந்தஸ்து பறிக்கப்படுவதில்லை, தன் வேலையை முடித்துக்கொண்டு முறையாக முடிவுக்கு வருகிறது. அதற்குப் பிறகு இந்திய இணைய விசாவும் எளிது, இலங்கைக்கே விசா எடுத்துப் போகலாமா என்பதும் அப்போதுதான் நியாயமான கேள்வி. காத்திருக்கும் காலம் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறும். சுவிட்சர்லாந்தில் பத்து வருட வதிவும் சி அனுமதியும் வேண்டும். ஜெர்மனியில் 2024 சீர்திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம். பிரான்ஸில் மற்றவர்களுக்கு உள்ள ஐந்து வருட நிபந்தனை அகதிகளுக்கு இல்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றவர் ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரான்ஸில் இருப்பவரிடம், இந்த வருடம் இந்திய விசாவுக்கு அலைவதைவிடக் குடியுரிமைக் கோப்பைத் தயார் செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. சுவிட்சர்லாந்தில் நேற்று வந்தவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது என்றால் பத்து வருடம் என்பது திட்டமே அல்ல.

இதுவரை எழுதியது பி அல்லது சி அனுமதியோடு, உடன்படிக்கைப்படியான பயணப் பத்திரம் உள்ளவர்களுக்கு. தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டு, அகதியாக ஏற்கப்படாமல் எஃப் அட்டையில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்திரமே கிடைக்காது. வெளிநாட்டவருக்கான வேறு பத்திரம் விதிவிலக்காகத்தான் கொடுப்பார்கள், பல நேரம் உங்கள் நாட்டுத் தூதரகத்தில் கடவுச்சீட்டு ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்பார்கள். அவர்களுக்கு அம்மா இங்கே வருவது ஒன்றுதான் இப்போதைக்கு நடக்கக்கூடிய வழி.

முடிவு எதுவானாலும், பத்திரத்தின் முடிவுத் தேதியையும் வதிவிட அட்டையின் முடிவுத் தேதியையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் உரிமை பத்திரம் செல்லுபடியாகும் காலத்துக்கு மட்டும்தான். பயணம் முடியும் நாளுக்கு அப்பாலும் ஆறு மாதம் மீதி இல்லாத பத்திரத்தில் விசா கேட்காதீர்கள். புதுப்பிக்கக் கொடுத்த பத்திரம் கைக்கு வரும்வரை உங்களால் எங்கும் போக முடியாது என்பதால், அம்மா வரப்போகும் மாதத்தில் அதைக் கொடுத்துவிடவும் வேண்டாம். அவர் இறங்குவது அக்காவின் பாரிசில் என்றால், நீங்கள் சூரிச்சில் இருந்துகொண்டு தொலைபேசியில்தான் பேசவேண்டி வரும்.